மேற்பார்த்து, எல்மூர் ஸ்டேஷன்

எல்மூர் ஸ்டேஷனுக்கு ரயில் வருவது நின்று நான்கு வருடமாகிறது. கதவுக்குப் பூட்டு விழுந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் தம்பிஐயா யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டார். அங்கே கூட்டிப் பெருக்கிய அழகுமுத்துவின் வேலையும் அன்றோடு சரி. ஆனாலும் மனுஷன் தினமும் பத்து மணிக்குக் குடையோடு வந்து பிளாட்பாரத்து மர வாங்கில் உட்கார்ந்துவிடுவார். கிறுக்கு என்று சிரித்தார்கள். சிரித்தவர்களுடைய கடிதமும் அவர் கையில்தான் வந்தது.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டுக்கு ஏது விலாசம்? தோட்ட ஆபீசுக்கு வருகிற கடிதம் ஒரு மூலையில் கிடந்து, நாள் கடந்துதான் கைக்கு வரும். அதனால் தம்பிஐயா காலத்திலேயே நாற்பது குடும்பங்கள் ஸ்டேஷன் பொறுப்பில் வந்து சேரும்படி 'மேற்பார்த்து, எல்மூர் ஸ்டேஷன்' என்று விலாசம் எழுதப் பழகியிருந்தன. ஸ்டேஷன் மூடிய பிறகும் பழைய தபால்காரர் அங்கேயே வந்தார். அழகுமுத்து வாங்கி லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அவர் மகள் வினோதா ஆசிரியர் வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸாகி, நேர்முகத் தேர்வுக் கடிதத்துக்காகக் காத்திருந்தாள். அவள் கொடுத்ததும் அதே விலாசம்தான்.

அந்த வாரம் மேல் லயத்து மீனம்மாவுக்குக் கடிதம் வந்தது. மறுநாளே ஆபரேஷனுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கொழுந்து பறித்துத் தனியாகக் காலம் தள்ளுகிறவள், கூடப்போக நாதியில்லை. அழகுமுத்து கூட்டிப்போனார். மூன்று நாள் அங்கேயே கிடந்தார்.

அந்த மூன்று நாளில்தான் தபால்காரர் மாறினார். புதியவர் பூட்டைப் பார்த்தார், 'இடம் மூடப்பட்டுள்ளது' என்று எழுதி வினோதாவுக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். விசாரித்துத் தெரிந்துகொள்வதற்குள் நேர்முகத் தேர்வு முடிந்துபோயிருந்தது.

"ஒன் பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன் தாயி" என்றார் அழகுமுத்து. அவரால் மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நீங்க போகாட்டி மீனம்மாக்கா உசுரோட இருந்திருக்குமாப்பா?" என்றாள். பிறகு சமையலறைக்குள் போய் வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் பத்து மணிக்கு அவர் எழுந்திருக்கவில்லை. இனி எந்த முகத்தோடு அங்கே உட்காருவது? வெகுநேரம் கழித்துப் பார்த்தால் ஆணியில் குடையைக் காணோம். மழையில் நனைந்துகொண்டே ஸ்டேஷனுக்கு ஓடினார்.

வாங்கில் வினோதா உட்கார்ந்திருந்தாள். எதிரே புதிய தபால்காரர்.

"ஸ்டேஷன் மூடியிருக்கிறதே?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார்.

"ஸ்டேஷன்தான் மூடியிருக்கு, நாங்க இங்கதான் இருக்கோம்" என்று அவளும் சிங்களத்திலேயே சொல்லிக் கையை நீட்டினாள்.

இரண்டு கடிதங்கள் இருந்தன. இரண்டும் கீழ் லயத்துக்கு. அவள் குடையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கடிதங்களைத் தாவணிக்குள் பொத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.