யாக்கோப்பு அண்ணனின் ஐந்து நிமிடம்

நீர்நாய்களோடு பேசும்போது மட்டும் யாக்கோப்பு அண்ணன் வேறொருவராக இருப்பார்.

குரொய்டனுக்குத் தெற்கே, டிராம் தடம் முடிந்த பிறகும் பஸ்ஸில் போகவேண்டிய ஒரு சின்ன விலங்குப் பூங்காவில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். சிங்கம், யானை எதுவும் அங்கே கிடையாது. நீர்நாய், முள்ளெலி, நரி, ஆந்தை என்று இந்த நாட்டு மண்ணுக்கே உரிய உயிர்கள்தான். அவர் பராமரிப்பாளர். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லும் பிரிவில் இருக்கிறேன். மீன் வாளியோடு குளத்தருகே குந்தி, "வா மனே, வா. என்ன கோவம் உனக்கு?" என்பார். மற்ற நேரமெல்லாம் அசல் யாழ்ப்பாணப் பேச்சு.

"மகனை மனேன்னு எந்த ஊர்ல சொல்வாங்க அண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். பிறகு, "நீங்கள் மலேசியா. உங்களுக்குச் சொல்லலாம். ஆரிட்டையும் கதைச்சுப் போடாதேங்கோ தங்கச்சி," என்றார்.

இலங்கையின் கிழக்கில், வாகரைக்கு வடக்கே, காடும் கடலும் சேரும் கரையில் அவர் ஊர். அவர்கள் வேடர்கள், அந்தத் தீவின் ஆதிக்குடிகள். தலைமுறைகளாகத் தமிழே பேசுகிறவர்கள். போருக்குத் தப்பி லண்டன் வந்தபோது, பிளேஸ்டோவில் ஒரே வீட்டில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்துப் பையன்கள் ஊரைக் கேட்டார்கள். திருகோணமலை டவுன் என்றார். பேச்சை முடிப்பதற்காகச் சொன்னது அப்படியே நின்றுவிட்டது. பெண் கேட்டுப் போனபோது மாமனாரிடமும் அதையே சொன்னார். மனைவி மேரிசாந்திக்கு உண்மை தெரியும். மகள் ஜதுர்ஷிகாவுக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு ஆகஸ்டில் பூங்காவில் ஒரு விழா வைத்தோம். உள்நாட்டு விலங்குகளோடு உலகின் பூர்வகுடிகளையும் கொண்டாடுவது என்று திட்டம். லண்டனில் இருக்கும் நியூசிலாந்து மாவோரிப் பாட்டுக்குழு வருவதாக இருந்தது. துருவமான் மேய்க்கும் பழங்குடிக் குடும்பத்திலிருந்து ஒரு நோர்வேப் பெண்ணும் வர ஒப்புக்கொண்டிருந்தார். யாக்கோப்பு அண்ணன் தானாகவே வந்து கேட்டார்.

"எனக்கும் ஒரு அஞ்சு நிமிஷம் தருவியளோ? மகளையும் கூட்டிக்கொண்டு வாறன். மைக்கில சொன்னால் பிறகு திருப்பி எடுக்க ஏலாது. அதுதான் நல்லது."

"மேரிசாந்தி அக்கா என்ன சொல்றாங்க?"

"அவ கதைக்கிறதை நிப்பாட்டிப்போட்டா."

பக்கத்து ஊரான மிட்சமில் இருக்கும் ஒரு தமிழ்ச் சங்கத்துக்கும் அழைப்புப் போயிருந்தது, வந்து பார்க்கச் சொல்லித்தான். சங்கத் தலைவர் பாலேந்திரா அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டார். பரதநாட்டிய உடுப்புடன் பிள்ளைகள், மிருதங்கம், வடைத் தட்டுகள் சகிதம் வந்து இறங்கினார்.

"ஆதிக்குடி எண்டால் ஆர்? நாங்கள்தானே," என்று எனக்கு விளக்கினார். "இவ்வளவு காலமும் இதை இந்த வெள்ளைக்காரருக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

பூங்கா மேலாளரும் மகிழ்ச்சியோடு இடம் ஒதுக்கினார். அவர்களின் நிகழ்ச்சியில் ஒரு வேடர் நடனம் இருந்தது. வேடர் தலைவனாக வரவேண்டிய றொமேஷுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த யாக்கோப்பு அண்ணனைப் பாலேந்திரா கண்டார்.

"இஞ்சை வாங்கோ யாக்கோப்பு. சும்மா வில்லைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் காணும்."

"எனக்கு வேலை கிடக்கு அண்ணை."

"உங்களுக்கு மேக்கப் செலவும் இல்லை ஐசே. ஆண்டவன் பூசித்தானே அனுப்பியிருக்கிறார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் பிளாஸ்டிக் இலைப் பாவாடையை அவருடைய பூங்காச் சீருடைக்கு மேலேயே கட்டத் தொடங்கினார். கட்டுவதற்கு வசதியாக அவர் கைகளைச் சற்று உயர்த்திக்கொடுத்தார். அந்தக் கைகள் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகின்றன.

முன்வரிசையில் ஜதுர்ஷிகா சிரித்துச் சிரித்துப் போனில் படம் எடுத்தாள். "அப்பா, கொஞ்சம் கோவமாப் பாருங்கோ. வேடன் இப்பிடியோ நிப்பான்?"

அவர் கோபமாகப் பார்த்தார். கூட்டம் கைதட்டியது.

அடுத்தது அவருடைய ஐந்து நிமிடம். நான் மைக்கை நீட்டினேன். இலைகளோடு நின்றவர் வேண்டாமென்று தலையசைத்தார். "நீர்நாய்க்குச் சாப்பாட்டு நேரம் தங்கச்சி," என்று சொல்லிவிட்டுக் குளத்துப் பக்கம் நடந்தார்.

திங்கட்கிழமை கூண்டு கழுவும்போது மிச்சத்தைச் சொன்னார். திரும்பிப் போகையில், டிராமில் வைத்தே மகளிடம் சொல்லிவிட்டாராம்.

"வேடர் எண்டது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. நான்தான் இவ்வளவு காலமும் பயந்துகொண்டு திரிஞ்சிருக்கிறன். 'ஏனப்பா என்னைச் சிரிக்க விட்டனீங்கள்?' எண்டுதான் கேட்டவள். கேட்டுப்போட்டு அழுதாள்."

அதன் பிறகு அவள் ஏதாவது கேட்டால், "ஊருக்குக் கூட்டிக்கொண்டு போறன், என்ர அக்கா எல்லாம் வடிவாச் சொல்லுவா," என்று ஒத்திப்போட்டிருக்கிறார். தன் வாயால் சொல்ல இன்னும் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். ஈஸ்டர் விடுமுறைக்கு டிக்கெட் போட்டார்கள். மார்ச்சில், வேலைக்கு வரும் வழியில் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை.

இந்த ஆகஸ்டிலும் விழா நடந்தது. அப்பாவுடைய நேரத்தைத் தனக்குத் தரும்படி ஜதுர்ஷிகா கேட்டாள். விழாவுக்கு முன்பு, "அன்ரி, அப்பா உங்களுக்கு வேற ஏதாவது சொன்னவரோ?" என்றாள். வாகரைக்கு வடக்கே என்றேன். அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

மேடையில் ஆங்கிலத்தில் பேசினாள். "என் அப்பா யாக்கோப்பு. அவர் ஒரு வேடர். போன வருடம் இங்கே அதைச் சொல்ல வந்தார். அவருடைய இன மக்களைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது." அவ்வளவுதான். இறங்கிவிட்டாள். கைதட்டுவதா வேண்டாமா என்று கூட்டம் தயங்கியது. இரண்டாவது வரிசையில் பாலேந்திரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவளோடு நானும் கார்த் தரிப்பிடம்வரை போனேன். மேரிசாந்தி அக்கா காரை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கி, "சொல்லிட்டியோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா. சொல்லக் கொஞ்சம்தானே இருந்தது."

அக்கா காரை ஸ்டார்ட் செய்தார். பிறகு, "ஏறு பிள்ளை, பின்னால கார் நிக்குது," என்றார்.