சாயப்பட்டறைக்குக் கொடுத்த வாக்கு

கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து வத்தளை ஆடைத் தொழிற்சாலைக்குத் தினமும் பஸ் ஏறிப் போன இமெல்டாவுக்கு, துணி வாங்குவதும் அதைச் சாயம் போடக் கொடுப்பதும்தான் வேலை. தெமட்டகொடையில் ஸைனம்பு நடத்திய பட்டறையைத்தான் அவள் பெரிதும் நம்பினாள். கணவர் இறந்தபின் ஸைனம்பு தனியாளாக எடுத்து நடத்திய பட்டறை அது. நிறம் பிசகாது, சொன்ன நாளில் துணி வந்து இறங்கும். ஆனால் சாயத் தண்ணீர் அப்படியே பின்னாலிருந்த கால்வாயில் போய் விழுந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டில், உடுப்பு வாங்கும் ஐரோப்பியக் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. கழிவுநீரைச் சுத்தம் செய்யாத பட்டறையில் சாயம் போட்ட உடுப்பை இனி எடுக்கமாட்டார்களாம். அதற்கு ஆகும் செலவில் பங்கு தருவது பற்றி மட்டும் பேச்சே இல்லை. இமெல்டா முதலாளி கதிர்காமநாதனிடம் வாதாடி, சாயக் கூலியைக் கொஞ்சம் கூட்டித் தரச் சம்மதிக்க வைத்தாள். பிறகு ஸைனம்புவிடம் போய், சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யத் தொட்டி கட்டினால் சாய வேலைக்கு ஓடர் நிற்காமல் வரும் என்றாள். எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை. ஸைனம்பு கேட்கவுமில்லை. துணி காயப்போடும் முற்றத்தில் பாதியை இழந்து தொட்டிகளைக் கட்டினாள். மழைக்காலத்தில் ஈரத்துணியோடு திண்டாடினாலும், கால்வாய்க்குத் தெளிந்த தண்ணீர் போவதை வருகிறவர்களுக்கெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினாள்.

அடுத்த வருடம் போரில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. கொழும்புக்கு வரும் கப்பல்களின் காப்புறுதிக் கட்டணம் ஏறியது. அந்தச் செலவை ஈடுகட்ட ஐரோப்பியக் கம்பெனி உடுப்பின் விலையைக் குறைக்கச் சொன்னது. கதிர்காமநாதன் தொட்டி இல்லாத, மலிவான வேறு பட்டறை ஒன்றைப் பிடித்தார்.

"கம்பெனிக்காரங்க தண்ணியைப் பற்றிக் கேட்டா என்ன சொல்றது, சேர்?" என்றாள் இமெல்டா.

"இந்த முறை விலையை மட்டும்தானே கேட்டவை, பிள்ளை. ஓடர் போனால் இங்க தைக்கிற பெட்டையளுக்கு நான் என்ன சொல்லுறது?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. ஆனாலும் முன்பு போல அவள் வாதாடவில்லை. ஸைனம்புவை நேரில் போய்ப் பார்க்கவும் மனம் வரவில்லை. தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னாள்.  "சரி, தங்கச்சி" என்று மட்டும் மறுபக்கத்திலிருந்து பதில் வந்தது.

போர்நிறுத்தம் வந்தபின் ஓடர்கள் திரும்பின. சுத்தமாக வேலை செய்யும் பட்டறையை நேரில் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பியக் கம்பெனி ஆள் அனுப்புவதாக அறிவித்தது. கதிர்காமநாதன் உடனே ஸைனம்புவின் பெயரைத்தான் சொன்னார். இமெல்டா தெமட்டகொடைக்கு ஓடினாள். ஓடர் இல்லாமல் மூடிப்போன பட்டறையை யாரோ அட்டைப்பெட்டிக் களஞ்சியமாக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தொட்டிகளை மண் போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்திலேயே குடியிருந்த ஸைனம்பு அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். கூலியை இன்னும் கூட்டித் தருவதாக இமெல்டா சொன்னபோது தலையை ஆட்டி மறுத்தாள்.

"உங்களோட எனக்குக் கோவம் இல்ல, தங்கச்சி. நேர்ல வந்து சொல்லியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். இனி இதைக் கேட்டு வராதீங்க."

அதற்குப் பிறகு, குறைந்தது இரண்டு வருடம் ஓடர் தரும் ஒப்பந்தத்தில் முதலாளி கையெழுத்துப் போடாமல் எந்தப் பட்டறைக்காரரிடமும் இமெல்டா தொட்டி கட்டச் சொன்னதில்லை. கதிர்காமநாதன் முணுமுணுத்தபடியே கையெழுத்துப் போட்டார். வத்தளையில் இரண்டு பட்டறைகள் அப்படித்தான் மாறின. அந்த ஒப்பந்தத்தை ஸைனம்புவுக்காக முதலிலேயே கேட்டிருக்கலாமே என்ற எண்ணம் அவளை விட்டுப் போகவில்லை.