சாக்கு முகமூடி

கார்னிவல் மாறுவேட ஊர்வலத்திலிருந்து திரும்பும் கூட்டம் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் தெருக்களில் நிறைந்திருக்கிறது. ஒரு யாழ்ப்பாணத்துக்காரரின் கடையில் தேநீருக்கு வரிசையில் நிற்கிறோம். தலையில் சணல் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட பிரெஞ்சு இளைஞன் ஒருவன் உள்ளே வருகிறான். ஒவ்வொருவர் முன்னும் நின்று விளையாட்டாகத் தலையாட்டுகிறான். அந்தக் காலத்தில் கார்னிவல் நாளில் கூலிக்காரர்கள் இப்படி முகத்தை மறைத்துத்தான் பண்ணையாரைக் கேலி செய்தார்களாம். ஆள் தெரியாததால் தண்டிக்கவும் முடியாதாம். அவனே ஆங்கிலத்தில் சொல்கிறான். நான் சிரிக்கிறேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கடைக்காரர் பிரெஞ்சில் கத்துகிறார். இளைஞன் சாக்கைக் கழற்றி, மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியேறுகிறான். எனக்கு எரிச்சலாக வருகிறது.

“ஒரு விளையாட்டுக்குப் போய் இவ்வளவு கோபமாண்ணே?”

“நீங்கள் இந்தியாவோ தம்பி? எங்கடை ஊரிலை ஆமிக்காரர் எங்களை வரிசையா விட்டு, உப்பிடிச் சாக்குப் போட்ட ஊர்க்காரன் ஒருத்தனுக்கு முன்னாலை நடக்கச் சொல்லுவாங்கள். அவன் தலையாட்டினா ஏத்திக்கொண்டு போயிடுவாங்கள். என்ரை தமையனுக்கும் ஆட்டினவன். அவர் திரும்பி வரேல்லை.”

என் எரிச்சல் இப்போது வேறு பக்கம் திரும்பிப் பற்றி எரிகிறது. எளியவன் வலியவனைக் கேலி செய்யப் போட்ட முகமூடி அது. அதையே எளியவனைக் காட்டிக்கொடுக்க மாட்டிவிட்டார்களே, பாவிகள்! அதுவும் அவன் ஊர்க்காரன் தலையில்!

“ஆட்டினது யாருன்னு தெரியுமாண்ணே?”

“ஆருக்குத் தெரியும்? சாக்கைக் கழட்டி எறிஞ்சுபோட்டு அவனும் வெளிநாடு வந்திருப்பான்.” அடுத்தவருக்குக் கோப்பையை நீட்டுகிறார். “இஞ்சை என்னட்டையே தேத்தண்ணி குடிக்கிறானோ என்னவோ.”