மலைக்குள் கிடந்த சிப்பி

முப்பத்திரண்டு வயதுவரை ஜெக்கரியா மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. வேதாரண்யத்து உப்பை லாரியில் ஏற்றிக்கொண்டு நீடாமங்கலம், கும்பகோணம் என்று போய்வருவான். வழியெல்லாம் வயல்தான், தரை தட்டையாகவே கிடக்கும். தொண்ணூற்று நாலில் ஓமானுக்கு விசா வந்தபோது மனைவி நஃபீசா ஒரே ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவளுடைய அண்ணன் அப்துல் மஜீது மீன்பிடிக்கப் போய், புயலில் சிக்கித் திரும்பாமல் போனவர்.

"எந்த வேலை வேணா பாருங்க மச்சான். கடல் வேலை மட்டும் வேணாம்."

அங்கே கிடைத்ததோ மலை வேலை. சிமெண்டுக்குக் கல் தேடும் கம்பெனியில் ஜீப் டிரைவர். புல் பூண்டு இல்லாத மலைகள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக. முதல் மாதம் அவனுக்குத் திசையே பிடிபடவில்லை. ஊரில் ஆறு ஓடுகிற பக்கம் கிழக்கு. இங்கே ஒரு கல் பள்ளத்தை ஆறு என்று காட்டினார்கள். அதில் தண்ணீரே இல்லை.

ஒரு நாள் தண்ணீர் கேனோடு உச்சிக்கு ஏறியவன், கையூன்றிய பாறையில் சிப்பியைப் பார்த்தான். கல்லோடு கல்லாகப் பதிந்திருந்தது. சுற்றிலும் உதிர்ந்து கிடந்தவை வேறு.

"சார், இதையெல்லாம் யாரு இங்க கொண்டாந்து போட்டா?"

கல்லைச் சோதிக்கும் ராஜ்குமார் கும்பகோணத்துக்காரர். "யாரும் போடல. இந்த மலையே ஒரு காலத்துல கடலுக்கடியில சேறா கிடந்தது. பூமி ரெண்டு பக்கமும் நெருக்கி, மேல தள்ளிடுச்சு. கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு."

"அப்ப கடல் எங்க போச்சு?"

"விலகிப் போயிடுச்சு."

ஜெக்கரியா தலையாட்டினான். ஒன்றும் விளங்கவில்லை. உதிரிச் சிப்பிகளில் ஒரு கைப்பிடியும், சிப்பி எட்டிப்பார்த்த ஒரு கல்லும் எடுத்து வைத்துக்கொண்டான்.

மூன்று வருடம் கழித்து ஊருக்கு வந்தான். பெட்டியைப் பிரித்த நஃபீசா சிப்பிகளைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்தக் கடல்ல வேலை பாத்தீங்க?"

"அல்லா மேல ஆணை, மலையிலதான்."

"மலையில சிப்பி கிடக்குமா? என்னை என்ன பச்சப்புள்ளன்னு நெனச்சீங்களா?"

ராஜ்குமார் சொன்னதை அவன் சொல்லிப் பார்த்தான். தன் வாயால் சொல்லிக் கேட்கும்போது அவனுக்கே பொய் மாதிரி இருந்தது. இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கல்லை முற்றத்தில் வைத்துச் சுத்தியலால் உடைத்தான். நடுவில் முழுசாக இன்னொரு சிப்பி. அவள் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு இல்லை.

"உள்ள எப்படிப் போச்சு?"

"அதான் எனக்கும் தெரியல."

அவள் கோபம் போய்விட்டது. அதனிடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. "கடலே மலையாகும்னா நம்ம ஊரு என்னாகும் மச்சான்?"

திரும்பப் போனதும் முதல் வேலையாக அதைத்தான் ராஜ்குமாரிடம் கேட்டான். அவர் யோசித்துவிட்டு, "நம்ம ஊரு மண்ணு ஏதுன்னு நெனச்சீங்க? மேக்க இருக்கிற மலையைத்தான் காவேரி கரைச்சுக் கொண்டாந்து கொட்டியிருக்கு" என்றார்.

கடல் இருந்த இடத்தில் மலை. மலை வந்து கிடக்கிற இடத்தில் வயல். ஜெக்கரியா வண்டியில் சாய்ந்து கால்மாற்றி நின்றான். வெள்ளிக்கிழமை நஃபீசாவுக்கு எல்லாவற்றையும் விளக்கி நாலு பக்கம் எழுதினான். படித்துப் பார்த்துக் கிழித்துப் போட்டான். பிறகு புதுத் தாளில், "நான் நல்லாயிருக்கேன். ஊருக்கு ஒண்ணும் ஆகாதாம். பயப்படாதே" என்று மட்டும் எழுதி உறையை ஒட்டினான். ஆகாது என்று யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.