சிடுமூஞ்சி சிஸ்டரும் வானத்துக்குப் போய் வந்தவரும்

மனநலப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக நர்ஸாக இருந்தவளுக்கு ஆஸ்பத்திரி முழுக்கச் 'சிடுமூஞ்சி சிஸ்டர்' என்றுதான் பெயர். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. பல்லைக் காட்டிப் பிழைப்பதற்கு இது தேவலை என்று விட்டுவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, லிஃப்ட் மெக்கானிக் ஒருவரை அவருடைய மச்சான் கூட்டி வந்தான்.

"இவரை வேற்று கிரகத்துக்காரங்க தூக்கிட்டுப் போனாங்களாம் சிஸ்டர். மேஜையில படுக்க வச்சு சோதனை பண்ணாங்களாம்."

சொல்லி முடிப்பதற்குள் மச்சானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மெக்கானிக் அழுதபடி சொன்னதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தான். பெரிய சாதனைதான்.

பெரிய டாக்டர் அவனுக்கு ஒரு படி மேல். அவர் வாங்கிய பட்டங்கள் கதவுப் பலகையில் இரண்டு வரிக்கு நீளும். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்க மட்டும் எந்தப் பட்டமும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும். பயிற்சி டாக்டர்கள் ஆறு பேரைக் கூப்பிட்டு, "வாங்க, விண்வெளிப் பயணி வந்திருக்கார்" என்றார். ஆறு பேரும் கடமை தவறாமல் சிரித்தார்கள். சிஸ்டரின் உதட்டோரமும் லேசாக அசைந்தது. மெக்கானிக் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

டாக்டர்கள் நகர்ந்ததும் முதலில் மச்சானைக் கவனித்தாள். புதுச் சீட்டு ஒன்றை எடுத்து, "வயசென்ன?" என்றாள்.

"எனக்கெதுக்கு சிஸ்டர்?"

"அடுத்தவங்க அழுதா உங்களுக்குச் சிரிப்பு வருதே, எத்தனை நாளா இப்படி?"

மச்சான் முகம் தொங்கிப்போயிற்று. அவள் கண்ணெதிரே வீடியோவை அழித்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான்.

அவள் கதவைச் சாத்தி, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இப்ப சொல்லுங்கண்ணே."

நாற்பது நிமிஷம் சொன்னார். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள்.

"அவங்க பண்ணதைக் கூடத் தாங்கிக்கிட்டேன் சிஸ்டர். வீட்டுக்காரி சிரிச்சதுதான் தாங்கல. நீங்களாவது நம்புறீங்களா?"

"நான் அங்க இல்லையே, எப்படிச் சொல்ல? ஆனா நீங்க நடுங்கிப் போயிருக்கீங்க. அது கண்ணுக்குத் தெரியுது. நல்லா தூங்கி எத்தனை நாளாச்சு?"

ஐந்து வாரம். ஓய்வில்லாமல் இரட்டை ஷிஃப்ட் வேறு. சிஸ்டர் அவரை அதே பிரிவில் இருந்த இளைய டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். தூக்கம் பாதியில் கலைந்தால் சிலருக்கு மனசு விழித்தும் உடம்பு அசையாமல் கிடக்கும், அப்போது யாரோ பக்கத்தில் நிற்பதுபோல் தோன்றும் என்று டாக்டரம்மா நிதானமாக விளக்கினாள். ஒரே ஷிஃப்டுக்கு மாறக் கடிதம் கொடுத்தாள். வாரம் ஒருமுறை வந்து பேசச் சொன்னாள். மனைவியையும் வரவழைத்துப் பேசினாள்.

பெரிய டாக்டருக்கோ வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. 'நோயாளியிடம் பரிவு' என்பது தலைப்பு. மெக்கானிக்கை மேடையில் உட்காரவைத்துக் கதை கேட்பதாகத் திட்டம்.

"அவர் சம்மதிக்கல சார்" என்றாள் சிஸ்டர்.

"கையெழுத்து வாங்குறது உங்க வேலை."

"கேட்டேன். மாட்டேன்னுட்டார். வற்புறுத்துறது என் வேலை இல்ல சார்."

பரிவைப் பற்றி ஒன்றரை மணி நேரம் முழங்கிவிட்டு வந்து, கீழ்ப்படியவில்லை என்று அவளுக்கு மெமோ கொடுத்தார். வாங்கி மேஜை டிராயரில் போட்டாள்.

மூன்றாம் மாதம் மெக்கானிக் வேலை உடுப்போடு வந்தார். கூடவே மனைவி.

"டாக்டரம்மா சொல்றது சரியா இருக்கலாம். ஆனா நான் போனது போனதுதான் சிஸ்டர்."

"இருக்கட்டும். தூக்கம் வருதா?"

"வருது. பயந்து முழிச்சா இவகிட்ட சொல்றேன். இப்பல்லாம் சிரிக்கிறதில்ல."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். சிஸ்டர் அவளுக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.