சதுப்புப் பாதையை வரைந்தவர்

ஆர்வோ கங்காஸுக்கு எழுபத்தெட்டு வயது. முப்பத்து நான்கு வருடம் தாது ரயில்களுக்கு சிக்னல் பார்த்தவர். மனைவி எல்னா இறந்துபோன பிறகு, அமெரிக்காவின் வட எல்லைப் பக்கம் டூ ஹார்பர்ஸ் ஊரில் என் வீட்டுக்கு எதிர் வீட்டில் தனியாக இருக்கிறார். நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்து ஓய்வு பெற்றவள். ஆட்களை எடைபோடும் பழக்கம் இன்னும் விடவில்லை. ஆர்வோவிடம் குறை சொல்ல அதிகம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுவார், முகம் மழிப்பார், மாத்திரை தவறாது.

அவருக்கு ஒரே பைத்தியம் ஜியோகேஷிங். யாரோ ஒருவர் காட்டிலோ பாலத்தடியிலோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். கையடக்க ஜிபிஎஸ் கருவியோடு தேடிக் கண்டுபிடிப்பவர், உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். மற்றவர்கள் வீட்டுக்கு வந்து இணையத்திலும் பதிவு செய்வார்கள். ஆர்வோ செய்ததே இல்லை. காகிதத்தில் போட்டால்தான் கையெழுத்து, கம்ப்யூட்டரில் போட்டால் விளம்பரம் என்பார்.

போன ஆகஸ்டில் எல்லை தாண்டி, கனடாவில் நிபிகான் பக்கம் ஒரு டப்பாவைத் தேடிப் போகக் கிளம்பினார். அவர் மகள் கார்லா டுலூத்திலிருந்து என்னைக் கூப்பிட்டாள். அப்பா சொன்னதையே சொல்கிறார், என் பிறந்தநாளை மறந்துவிட்டார், தனியாக ஓட்டிப் போக விடமாட்டேன் என்றாள்.

"நீங்க கூடப் போங்க மார்லிஸ். அவர் வழி தவறினா கார் சாவிய வாங்கிடுங்க. தவறலைன்னா நான் இனிமே வாயே திறக்கல."

அதையே அப்பாவிடமும் சொல்லியிருந்தாள். ஆர்வோ சம்மதித்தார். கார் போனால் அவருக்கு நாலு சுவர்தான் மிச்சம். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

வரைபடம் வாங்குவதில் ஒரு வாரம் போனது. அவர் கருவியில் அமெரிக்கா மட்டும்தான் இருந்தது. கனடா வரைபடம் கடையில் நூறு டாலருக்கு மேல். செல்போனை நம்பலாமென்றால் எல்லை தாண்டியதும் தினம் தனிக் கட்டணம். காட்டுக்குள் சிக்னலும் கிடையாது. கடைசியில் நூலகத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தன்னார்வலர்கள் வரைந்து இலவசமாகக் கொடுக்கும் வரைபடத்தை நகமளவு மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு வந்தார். அது மே மாதத் தொகுப்பு. அதற்குப் புதியது இன்னும் வரவில்லை என்றார். என் சமையல் மேசையில் கருவியை வைத்துக் காட்டினார். நெடுஞ்சாலையிலிருந்து டப்பா இருக்கும் இடம் வரை ஒரு புள்ளிக்கோடு.

"கடைக்காரன் மேப்புல இந்த இடம் வெறும் பச்சை. யாரோ ஒரு புண்ணியவான் நடந்து நடந்து வரைஞ்சிருக்கான் பாரு. ஒவ்வொரு வளைவும் அளந்து வச்ச மாதிரி."

"உன் புண்ணியவான் நம்மள சதுப்புல தள்ளாம இருந்தா சரி."

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அவர்தான் ஓட்டினார். பிஜன் ஆற்று எல்லைச் சாவடியில் கனடா அதிகாரி, இளம்பெண், எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கினாள். கடைசியாக எப்போது கனடா வந்தீர்கள் என்று ஆர்வோவைக் கேட்டாள்.

"ஒம்பது வருஷம் இருக்கும். எம் பொண்டாட்டியோட வந்தேன்."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். தேவைக்கு மேல் சில விநாடிகள். பாஸ்போர்ட்டுகளைத் திருப்பித் தந்தாள். வேலைக்குப் புதுசு போல என்று நினைத்துக்கொண்டேன்.

தண்டர் பே ஊரில் காபியும், மேலே சிவப்புச் சர்க்கரைப் பாகு தடவிய பெர்சியன் பன்னும். நிபிகான் தாண்டி ஒரு பழைய சரளைக் குழியில் காரை நிறுத்தினார். பெயர்ப்பலகை எதுவும் இல்லை. ஆர்வோ தேடவும் இல்லை. வேகத்தைக் குறைத்துத் திரும்பினார், அவ்வளவுதான்.

உள்ளே கறுப்பு ஸ்புரூஸ் ஊசியிலை மரங்கள், காலடியில் பாசி. பாசியின் நடுவே ஒரு தடம் அழுந்தியிருந்தது, ஒரே ஆள் நடந்த அகலத்துக்கு. பறவைச் சத்தம் இல்லை. கருவி அவ்வப்போது கீச்சிட்டது. ஆர்வோ அதை மார்புக்கு நேரே பிடித்து, அதைப் பார்த்தபடியே நடந்தார். இரண்டு இடத்தில் தடம் பிரிந்தது. இரண்டிலும் அவர் தயங்கவில்லை. ஓரிடத்தில் காரணமில்லாமல் இடதுகாலை அகட்டி வைத்தார். அவர் தவிர்த்த இடத்தில் நான் கால் வைத்தேன். முழங்கால் வரை உள்ளே போனது.

வெளியே வந்து காலணியைக் கொட்டும்போதுதான் கவனித்தேன். கீச்சொலி நின்று வெகுநேரமாகியிருந்தது. எட்டி நடந்து அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். திரை கறுத்திருந்தது. பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அவர் அந்தக் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். வளைய வேண்டிய இடத்தில் வளைந்தார்.

தூக்கத்தில் நடப்பவரை உலுக்கி எழுப்பக் கூடாது என்று எனக்குப் பயிற்சி. கூப்பிடாமல் பின்னால் போனேன்.

இருநூறு அடி தள்ளி, விழுந்து கிடந்த ஒரு மரத்தின் வேருக்கடியில் நேராகக் கையை விட்டு டப்பாவை எடுத்தார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

"வழி தவறினேனா? சொல்லு."

"இல்ல ஆர்வோ."

"கார்லாகிட்ட அப்படியே சொல்லு."

நோட்டை எடுத்து, எழுதாத பக்கத்தைத் தேடி எழுதினார்: *முதல் முறை வருகிறேன். பாதை நன்றாக இருக்கிறது. ஆர்வோ கங்காஸ்.* தேதி போட்டு என்னிடம் நீட்டினார். இந்த இடத்துக்கு வேறு யார்தான் வந்திருப்பார்கள் என்று முன்பக்கங்களைப் புரட்டினேன்.

*முதல் முறை வருகிறேன். பாதை நன்றாக இருக்கிறது. ஆர்வோ கங்காஸ்.* இரண்டு வருடத்துக்கு முந்தைய செப்டம்பர். அடுத்து, முந்தின வருட ஆகஸ்ட். அதே வரிகள். அதற்குப் பின், நாங்கள் வந்ததற்கு இரண்டே மாதம் முன்பு, ஜூன் பதினொன்று. அதில் எழுத்து கோட்டை விட்டுக் கீழே சரிந்திருந்தது.

ஜூன் இரண்டாம் வாரம் அவருக்குச் சளி என்று கேள்விப்பட்டு வாசலில் சூப் வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. மறுநாள் மாலை வரை பாத்திரம் அங்கேயே இருந்தது. தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

மறைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நோட்டை அவரிடம் கொடுத்தேன். மூன்று பக்கங்களையும் படித்தார். தன் பேனாவைப் பார்த்தார். மரத்தடியில் உட்கார வைத்து நாடி பிடித்தேன். வேகம், ஆனால் சீர். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஜூன்ல நான் எப்படி வீட்டுக்குத் திரும்பி வந்தேன்?"

எனக்குத் தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

புது பேட்டரி போட்டுத் திரும்பி நடந்தோம், நான் முன்னால். சரளைக் குழிக்கு வந்ததும், நான் கேட்காமலே சாவியை என் கையில் வைத்தார்.

"நான் வழி தவறல மார்லிஸ்."

"தவறல. அதையும் சொல்றேன்."

திரும்பும்போது எல்லையில் எங்கள் நாட்டு அதிகாரி அடிக்கடி கனடா போவதுண்டா என்று சும்மா கேட்டார். ஆர்வோ பக்கத்து இருக்கையிலிருந்து பதில் சொன்னார்.

"இதுக்காக நாலு தரம். ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு."

அதிகாரி சிரித்துவிட்டுக் கையசைத்தார்.

கார்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவரிடம் தேதி வாங்கியாயிற்று. அதற்கு முன் ஆர்வோவுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். இணையத்தில் உள்ள அந்த வரைபடத்தில் ஒரு கோட்டைத் தொட்டால், யார் எப்போது வரைந்தது என்று காட்டும். தொட்டார். புண்ணியவான் அவர்தான். இரண்டு வருடத்துக்கு முந்தைய செப்டம்பர். நான் எதிர்பார்த்ததுதான்.

கோடு டப்பாவோடு நிற்கவில்லை. எங்கள் மே மாதத் தொகுப்பில் இல்லாத ஒரு துண்டு அங்கே இருந்தது. ஜூன் பதின்மூன்றில் சேர்த்தது, அவர் பெயரில். டப்பாவைத் தாண்டி, சதுப்பைக் கடந்து, ஏரிக்கரை வரை அரை மைல். அங்கே கோடு தண்ணீருக்குள்ளும் கொஞ்ச தூரம் போயிருந்தது.

ஆர்வோ திரையருகே குனிந்து பார்த்தார்.

"அங்க என்ன இருக்கு?"

"தெரியல. நாம அங்க போகல."

"நாம போகல," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருடைய கார் சாவி என் மாவு டப்பாவுக்குள் இருக்கிறது. இரண்டு முறை தேடி வந்துவிட்டார். எதற்கு என்று கேட்டால், நிபிகானில் ஒரு டப்பா இருக்கிறதாம், இன்னும் போனதே இல்லை என்கிறார்.