புஸ்பராணியின் வானுக்கு ஒரு ரேடியோ

இலங்கைத்துறையில் மீன் ஏற்றித் திருகோணமலைச் சந்தைக்குக் கொண்டுவருகிற வான் புஸ்பராணியுடையது. ஓட்டுவதும் அவள்தான். போன வெள்ளத்தில் வெருகலுக்கு அங்காலே ரோட்டு அறுந்து, போனும் செத்து, மீனெல்லாம் நாற நாற வானுக்குள்ளேயே கிடந்தாள். அந்த ஆத்திரத்தில்தான் போன் இல்லாமலே அலையில் ஆட்களோடு கதைக்கிற அமெச்சூர் ரேடியோவுக்குப் பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் எடுத்தாள்.

அவளுடைய தம்பி சஞ்சீவன் நகரில் வாகனங்களுக்கு ஸ்பீக்கர் பூட்டுகிற கடைக்காரன். அவனும் அனுமதி எடுத்த ரேடியோக்காரன்தான். ஆனால் சந்தோசப்படவில்லை.

"பொம்பிளைக்கு ஏனக்கா இது? ரோட்டிலை பொலிஸ் மறிச்சுக் கேட்டா என்ன சொல்லுவாய்?"

"பத்திரத்தைக் காட்டுவன்."

சரி, வானுக்கு ரேடியோ செட் வாங்கத்தான் போகிறாள் என்றால் தன் கடையில் கிடக்கிறதையே வாங்கட்டும் என்று அவன் ஒன்றை எடுத்து வைத்தான். இரண்டு அலைவரிசை, கலர் திரை, உள்ளங்கை அளவு. பரீட்சித்துப் பார்க்க வானில் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் வெளிக்கிட்டார்கள். அன்புவழிபுரத்தில் குரல்கள் தெளிவாக வந்தன. துறைமுகப் பக்கம், போன் கோபுரங்களுக்குக் கிட்டப் போனதும் எல்லாம் இரைச்சலுக்குள் புதைந்துபோயின.

"எல்லா செட்டும் இஞ்சை இப்பிடித்தான்," என்றான் சஞ்சீவன்.

"இல்லை. கந்தளாய் லொறிக்காரர் முஹம்மது தம்பியோடை லொறியிலை வரேக்கை கேட்டனான். அவரின்ரை செட்டிலை இந்த இடத்திலையும் கேட்டது."

அவன் செட்டை நிறுத்தினான். கடைக்குத் திரும்பியதும் ஆட்கள் நிற்கிறார்கள் என்றும் பாராமல் வெடித்தான்.

"என்ரை சாமான் உனக்குக் குப்பையோ?"

"என்ரை தேவைக்குக் காணாது எண்டனான். வேறொண்டும் சொல்லேல்லை."

"அப்ப அவனிட்டையே போ. அன்ரனா பூட்டித் தா எண்டு இந்தப் படி ஏறாதை."

அவள் ஏறவில்லை. முஹம்மது தம்பி வைத்திருந்த மாதிரியே ஒன்றை வரவழைத்தாள். முகப்பைத் தனியாகக் கழற்றி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டலாம். செட்டின் பாரமான பெட்டியைச் சீற்றுக்கு அடியில் தள்ளலாம். திரை மங்கல், பார்க்க வடிவில்லை. அன்ரனாக் கம்பி பூட்ட வான் கூரையில் தானே துளை போட்டாள். முதல் மழைக்கு அன்ரனா அடியால் தண்ணி ஒழுகிச் சீற்றெல்லாம் நனைந்தது. சஞ்சீவனுடைய கடை ஆட்கள் அதைச் சந்தையில் சொல்லிச் சிரித்தார்கள். அவள் பசை வாங்கி அடைத்துவிட்டு அடுத்த நாளும் மீனுக்குப் போனாள்.

இலங்கைத்துறைக் கரையில் நின்று முதன்முதலாக, பத்திரத்தில் தனக்குத் தந்திருந்த அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்குக் கொஞ்சம் முன்னர்தான் அதே அலையில் தம்பியின் குரல் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தது. அவள் கூப்பிட்டதும் அது நின்றுபோனது. திரும்பவும் சொன்னாள். கந்தளாயிலிருந்து முஹம்மது தம்பி பதில் தந்தார். அவர் கதைத்து முடிப்பதற்குள் யாரோ தங்கள் செட்டின் பேச்சுப் பட்டனைக் கதைக்காமலே அழுத்திப் பிடித்தார்கள். அவர் குரலை மூடி வெறும் இரைச்சல். யாரென்று அவளால் அடித்துச் சொல்ல ஏலாது. அந்த ஆள் பட்டனிலிருந்து கையை எடுக்குமட்டும் காத்திருந்து, மூன்றாம் முறை கூப்பிட்டாள்.

மாசியில் தாயின் திவசம் வந்தது. சஞ்சீவன் வந்தான். முற்றத்தில் நின்ற வான் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. புஸ்பராணி அவனுக்குச் சோறு போட்டாள். அவன் குனிந்து சாப்பிட்டான். பருப்பு வேணுமோ என்று அவள் கேட்க, தட்டைக் கையால் மூடினான்.